ஐந்து மணிக்கு அந்தி, ஆறு மணிக்கு மேடை

சுற்றுலாப் பயணிகளை இழுக்கத் தொடங்கிய போர்ட் பிளேரின் குளிர்காலத் திருவிழா, ஒரு சாயலும் இல்லாமல் வந்து சேர்ந்த மக்களை ஒரே மைதானத்தில் உட்காரவைத்த கதை.

அந்தமானுக்குக் குளிர்காலத்தில் கிளம்புகிறவர்கள் ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிடலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர்காலம் என்பதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: மழை நின்றுவிட்டது. மே மாதம் பிடித்துக்கொள்ளும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. ஏழெட்டு மாதம் குடைக்குள் குடித்தனம் நடத்திய ஊர், டிசம்பர் பிற்பாதியில் வானம் வெளுத்ததும் வாசலுக்கு வருகிறது.

வந்தவுடனேயே இருட்டியும் விடுகிறது. தலைநகர் போர்ட் பிளேர், ஏறக்குறைய கடலூருக்கு நேர் கிழக்கே 1,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. (2024 செப்டம்பரில் மத்திய அரசு ஊரின் பெயரை ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றியது. பழைய பெயர் அவ்வளவு சீக்கிரம் நாக்கைவிட்டுப் போவதில்லை.) பூகோளப்படி பர்மாவின் பக்கத்து வீடு, கடிகாரப்படி டெல்லியின் உறவு. விளைவு, டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அப்போது வெயில் இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கும். அலுவலகம் விட்டு வீடு திரும்பும் குமாஸ்தா வழியிலேயே இரவைச் சந்திக்கிறார்.

நீண்ட இரவு. சின்ன ஊர். சுற்றிலும் கடல். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? மேடை போடுவார்கள்.

விழா கொடுத்த விலாசம்

போர்ட் பிளேரில் ஆட்டோ ஏறி 'ஐ.டி.எஃப். மைதானம்' என்றால் போதும், கொண்டுபோய் விடுவார்கள். ஐலண்ட் டூரிசம் ஃபெஸ்டிவல் என்பதன் முதலெழுத்துகள் அவை. தமிழில் சொன்னால் தீவுச் சுற்றுலா விழா. யூனியன் பிரதேச நிர்வாகம் ஜனவரியை ஒட்டி நடத்திவந்திருக்கும், சுமார் பத்து நாள் நீளும் திருவிழா. பத்து நாள் நடக்கும் கூத்து, வருஷம் பூராவும் ஒரு மைதானத்துக்குப் பெயராக நிற்கிறது என்றால், அந்த விழா ஊருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பெயரில் சுற்றுலா இருக்கிறது. நோக்கமும் அதுவே. பிரதான நிலப்பரப்பிலிருந்து பயணிகளை வரவழைக்க வேண்டும், அவர்களுக்குத் தீவின் அழகையும் கைவினையையும் காட்ட வேண்டும் என்பது திட்டம். ஆனால் விழா மைதானத்துக்குள் காலடி வைத்த எவருக்கும் சங்கதி வேறு என்று விளங்கிவிடும். காசு கொடுத்து விமானம் ஏறி வந்த பயணிக்கு ஹாவ்லாக்கின் கடற்கரை இருக்கிறது, பவளப் பாறை இருக்கிறது. பொட்டும் பூவுமாக, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பஞ்சுமிட்டாய் என்று மைதானத்தை நிறைப்பவர்கள் உள்ளூர்க் குடும்பங்கள். நம்மூர் அரசுப் பொருட்காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வனத் துறை, மீன் துறை, விவசாயத் துறை என்று வரிசையாக அரங்குகள், சிப்பி, தேங்காய் ஓடு, மூங்கில் பொருட்கள் விற்கும் கடைகள், குழந்தைகள் போட்டி, நாய்க் கண்காட்சிகூட உண்டு. நடுவில் மேடை.

அந்த மேடையில் ஒரு மாலைக்குள் இந்தியாவே வந்து போகும். இதற்கு ஒரு நிர்வாகக் காரணமும் இருக்கிறது. 1980களின் மத்தியில் மத்திய அரசு நாட்டை மண்டலங்களாகப் பிரித்துக் கலாசார மையங்களை ஏற்படுத்தியபோது, அந்தமானை எதில் சேர்ப்பது என்ற கேள்வி எழாமல் இருந்திருக்க முடியாது. தெற்கா, கிழக்கா? கடைசியில் இரண்டிலும் சேர்த்தார்கள். தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டல மையத்திலும் அந்தமான் உறுப்பினர். கொல்கத்தாவிலிருந்து இயங்கும் கிழக்கு மண்டல மையத்திலும் உறுப்பினர். ஆகவே கரகமும் தப்பாட்டமும் வர ஒரு வழி. பிஹூவும் மணிப்பூரி நடனமும் வர இன்னொரு வழி. இரண்டு வீட்டுச் சீர் பெறும் பிள்ளை.

சீர் வந்து சேர்வதுதான் சிரமம். சென்னை மார்கழிக் கச்சேரிக்கு வித்வான் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம். இங்கே தவிலுக்கும் டோலக்குக்கும் விமானத்தில் இடம் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். ஒரு நாதஸ்வரக் குழு ஒரு மணி நேரம் வாசிக்கக் கடலைத் தாண்டி வந்து திரும்ப வேண்டும். கலை என்பது இந்த ஊரில் பாதி சங்கீதம், பாதி சரக்குப் போக்குவரத்து.

ஒரே ஊர், பல ஊர்

இவ்வளவு பாடுபட்டு ஏன் நடத்த வேண்டும் என்று கேட்டால், பதில் ஊரின் பிறப்பில் இருக்கிறது. 1857 எழுச்சி அடங்கியபின், 1858 மார்ச் 10ஆம் தேதி 200 கைதிகளுடன் ஒரு கப்பல் இங்கே வந்தது. அன்று தொடங்கிய குடியிருப்புதான் இன்றைய நகரம். பாஷை, சாதி, மதம் எதிலும் ஒட்டாதவர்களை விலங்கு ஒன்றுதான் சேர்த்துக் கட்டியிருந்தது. தண்டனை முடிந்தவர்கள் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு குடியேறினார்கள். அப்படி உண்டான குடியிருப்பு ஒன்றின் பெயர் ஷாதிப்பூர், அதாவது கல்யாணபுரம்.

அதற்குப் பிறகும் கப்பல்கள் வந்தபடியே இருந்தன. காட்டில் மரம் வெட்டச் சோட்டா நாக்பூர் ஆதிவாசிகள் வந்தார்கள். அவர்களை இன்றைக்கும் 'ராஞ்சி'க்காரர்கள் என்றுதான் சொல்கிறார்கள். 1921 கலவரத்துக்குப் பின் மலபார் மாப்பிள்ளைமார் கொண்டுவரப்பட்டார்கள். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து வடக்கே மாயாபந்தர் பக்கம் குடியேறினார்கள். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள். பிறகு துறைமுகத்துக்கும் கட்டுமானத்துக்கும் வியாபாரத்துக்குமாகத் தமிழர்களும் தெலுங்கர்களும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் மொத்தம் சுமார் 3.8 லட்சம் பேர். வங்காளிகள்தான் அதிகம். தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஆயிரம் வருஷத்துக் கோயிலோ, தலைமுறை தலைமுறையாகக் கூத்து நடத்தும் களமோ கிடையாது. ஆளுக்கொரு கலையை மூட்டை கட்டி எடுத்து வந்தார்கள். வங்காளி ஜாத்ராவைக் கொண்டுவந்தார். ராஞ்சிக்காரர் மாந்தலையும் ஜூமர் ஆட்டத்தையும் கொண்டுவந்தார். மாப்பிள்ளைமார் கோல்களியோடு வந்தார்கள். தமிழர்கள் முருகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரம் ஊரறிந்த திருவிழா. ஒவ்வொருவரும் அவரவர் தெருவில், அவரவர் பாஷையில் கொண்டாடிக்கொள்ள ஒரு தடையும் இல்லை. ஆனால் ஒருவர் கலையை இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க ஒரு பொது இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தைத்தான் ஜனவரி மைதானம் கொடுத்தது. சுற்றுலாத் துறை பயணிகளுக்காகப் போட்ட பாயில், ஊர்க்காரர்கள் ஒருவருக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

தமிழர்களுக்கு இந்தச் சீசனில் இரட்டை வேலை. ஜனவரி நடுவில் பொங்கல் வந்துவிடுகிறது. கரும்பும் மஞ்சளும் கடலைத் தாண்டி வந்தாக வேண்டும். அந்தமான் தமிழர் சங்கம் போன்ற அமைப்புகள் உண்டு. அகில இந்திய வானொலியின் போர்ட் பிளேர் நிலையம் பல மொழிகளோடு தமிழையும் ஒலிபரப்பிவந்திருக்கிறது. ஆனாலும் தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் பொதுவான பேச்சு ஹிந்துஸ்தானிதான். வீட்டில் தமிழ், வாசலில் இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு, பறையடியை நேரில் கேட்க வாய்க்கும் சில மாலைகளில் ஒன்று இந்த மேடையில் கிடைக்கிறது. தஞ்சாவூர்க்காரருக்கு அது ஒரு நிகழ்ச்சி. தீவில் பிறந்த பிள்ளைக்கு, பாட்டி சொன்ன ஊர் நிஜமாகவே இருக்கிறது என்பதற்கான சாட்சி.

கைதியும் காதலியும்

மறுபக்கம், தமிழ்நாட்டுக்கு அந்தமான் என்றால் என்ன? பெரும்பாலும் சினிமா. கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகம் 1952இல் எம்.ஜி.ஆர். நடித்து 'அந்தமான் கைதி' படமாயிற்று. 1978இல் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி' வந்தது. கைதி காதலியாகக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1996இல் பிரியதர்ஷன் இயக்கத்தில் மோகன்லாலும் பிரபுவும் நடித்த 'காலாபாணி', தமிழில் 'சிறைச்சாலை'யாக வந்து மறுபடி கைதியிடமே கொண்டுபோய் விட்டது. செல்லுலார் சிறையை அந்தப் படத்தில் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க வந்த தமிழர்கள் ஏராளம்.

அந்தச் சிறையே இன்று ஊரின் முக்கியமான மாலைக் காட்சி. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த கட்டடம். நடுக் கோபுரத்திலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல ஏழு சிறகுகள். ஏறக்குறைய 700 தனிக் கொட்டடிகள். ஏழில் மூன்று சிறகுகளே மிச்சம். 1979 பிப்ரவரி 11ஆம் தேதி பிரதமர் மொரார்ஜி தேசாய் இதை தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். இருட்டியதும் முற்றத்தில் ஒலி-ஒளிக் காட்சி ஆரம்பமாகிறது. கதை சொல்லும் பாத்திரம், முற்றத்து அரசமரம். பல ஆண்டுகள் அந்த மரம் இந்தியில் ஓம் பூரியின் கனத்த குரலில் பேசியது. தேங்காய் நாரை அடித்ததையும் செக்கிழுத்ததையும் தூக்குமேடையையும் மரம் சொல்லக் கேட்கும்போது, கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு தமிழர்களுக்கு நினைவு வராமல் இருக்காது.

சிறையின் மாடியில் நின்று எதிரே பார்த்தால் கடலில் ஒரு குட்டித் தீவு. ராஸ் தீவு, 2018 டிசம்பர் முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. வெள்ளைக்கார அதிகாரிகளின் தலைமையிடம் அது. நடனக் கூடம், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், மாதா கோயில், ரொட்டி அடுப்பு என்று ஒரு குட்டி இங்கிலாந்தையே அங்கே கட்டியிருந்தார்கள். இந்தத் தீவுகளின் முதல் 'குளிர்காலக் கேளிக்கை' அந்த நடனக் கூடத்தில்தான் நடந்திருக்கும். அங்கே வாத்தியம் முழங்க, இங்கே விலங்கு முழங்க, நடுவே சிறு கடல். 1941இல் நிலநடுக்கம், 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். இன்று நடனக் கூடத்துச் சுவர்களை ஆலும் அரசும் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ரசிகர்கள் புள்ளிமான்களும் மயில்களும்தான்.

குளிர்காலப் பயணிகளில் மிகவும் துரதிர்ஷ்டசாலி யார் என்றால், வைஸ்ராய் மேயோ பிரபுதான். 1872 பிப்ரவரி 8ஆம் தேதி, மவுண்ட் ஹாரியட் குன்றின் மேல் ஏறிச் சூரியாஸ்தமனம் பார்த்து ரசித்துவிட்டு இறங்கினார். இருட்டில் ஹோப் டவுன் படகுத் துறையில் ஷேர் அலி என்ற கைதியின் கத்தி காத்திருந்தது. இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்களில் பதவியில் இருக்கும்போதே கொலையுண்டவர் அவர் ஒருவரே. அந்தக் குன்றுக்கு, 1891 போருக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மணிப்பூரிகளின் நினைவாக 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் வைத்தார்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் இருந்த தென்னைமரக் காட்சி, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்த வடக்கு விரிகுடாதான்.

கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு மௌனம்

சீசன் தலைநகரோடு நிற்பதில்லை. 1943 டிசம்பர் 30ஆம் தேதி, ஜப்பானியர் வசம் இருந்த போர்ட் பிளேரின் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி மூவர்ணக் கொடி ஏற்றினார். அதனால் தீவுகளுக்கு டிசம்பர் கடைசியும் நேதாஜி பிறந்த ஜனவரி 23ஆம் தேதியும் முக்கிய நாட்கள். ஹாவ்லாக்கில், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவில், சுபாஷ் மேளா நடப்பது வழக்கம். நீல் தீவில் விவேகானந்தர் பெயரில் மேளா. வடக்கே திக்லிப்பூரில் பிளாக் மேளா. இவை வங்காள விவசாயக் குடும்பங்களின் திருவிழாக்கள். நீச்சல் உடையில் பகலெல்லாம் கடலில் கிடந்த பயணி, மாலையில் வழி தப்பி இந்த மேளாவுக்குள் நுழைந்தால், தான் வந்தது உல்லாசபுரி மட்டும் அல்ல, நெல்லும் காய்கறியும் விளையும் கிராமம் என்று தெரிந்துகொள்வார்.

கடல் இடம் கொடுத்தால்தான் இதெல்லாம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் சின்னம் உருவாகி, ஹாவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய் மீட்டு வந்தன.

அதைவிடப் பெரிய நினைவு ஒன்று இந்தச் சீசனின் நடுவிலேயே இருக்கிறது. 2000 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் நிகோபாரின் கச்சால் தீவில் தெரியும் என்று உலகெங்கும் விளம்பரமாயிற்று. பெயரே கேள்விப்படாத தீவு ஒரே இரவில் புகழ் பெற்றது. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்ய, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட தீவு அது. ஐந்தே ஆண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை சுனாமி வந்தது. நிகோபாரில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே தீவுகளில் ஒரு மௌன நாள் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் அந்த மௌனத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மேடைக்கு வராத பாட்டு

விழா மேடையில் அதிகமாகக் கைதட்டல் வாங்கும் உள்ளூர்க் கலை, நிகோபாரிகளின் குழு நடனம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, வட்டமாகச் சுற்றி, வாத்தியம் இல்லாமல் பாட்டே தாளமாக ஆடுவார்கள். பழங்குடிப் பகுதி அனுமதி இல்லாமல் வெளியாட்கள் நிகோபாருக்குப் போக முடியாது. ஆகவே நம்மில் பெரும்பாலானோர் இந்த ஆட்டத்தைப் பார்க்கக்கூடிய இடம் போர்ட் பிளேர் மேடைதான். நிகோபாரிகள் தாமாகவே வருகிறார்கள், ஆடுகிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவரான பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் 1952இலேயே முதல் மக்களவையில் இந்தத் தீவுகளின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். எதை மேடை ஏற்றுவது, எதை வீட்டோடு வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

ஜராவாக்கள் அந்த இடத்தில் இல்லை. 2012 ஜனவரியில், பிரிட்டனின் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. உணவுக்காக ஜராவாப் பெண்களை ஆடச் சொல்லும் காட்சி. இங்கே விளக்கு அலங்காரத்தோடு மேடைகள் போடும் அதே மாதத்தில், காட்டுப் பாதையில் ஒரு மேடை இல்லாத நிகழ்ச்சி நடத்தப்பட்டிருக்கிறது என்ற செய்தி நாட்டையே தலைகுனிய வைத்தது. அதே ஆண்டு பழங்குடிப் பாதுகாப்புச் சட்டவிதிகள் கடுமையாக்கப்பட்டன. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தமான் டிரங்க் ரோட்டில் சுற்றுலாப் போக்குவரத்துக்கே இடைக்காலத் தடை விதித்தது. மார்ச்சில் தடை நீங்கியது. ஆடுவதில் அவமானம் இல்லை. ஆடச் சொல்லி ஒரு பிஸ்கெட்டை நீட்டுவதில்தான் இருக்கிறது. வாகன வரிசையில் அந்தக் காட்டைக் கடக்கும் பயணி கேமராவை மூடிவைத்திருப்பது, இந்தத் தீவுகளின் கலைக்கு அவர் செய்யக்கூடிய முதல் மரியாதை.

இன்னொரு பாட்டு, யாரும் கேட்க முடியாத இடத்துக்கே போய்விட்டது. கிரேட் அந்தமானியர்களிடம் ஒரு வினோதமான தாளக் கருவி இருந்தது. கேடயம் போன்ற மரப் பலகையைத் தரையில் சாய்த்து, குதிகாலால் உதைத்து ஒலி எழுப்புவார்கள். அந்தத் தாளத்துக்கு மற்றவர்கள் ஆடுவார்கள். வெள்ளைக்காரர்கள் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த அந்த இனம், அவர்கள் கொண்டுவந்த நோய்களில் கரைந்து சில டஜன் பேராகச் சுருங்கியது. 'போ' என்ற மொழியைப் பேசிய கடைசி மனுஷி, போவா சீனியர். சுனாமியில் உயிர் தப்பியவர். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி அவரிடமும் மற்றவர்களிடமும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார். 2010 ஜனவரி 26ஆம் தேதி, குடியரசு தினத்தன்று, போவா போர்ட் பிளேரில் காலமானார். வயது சுமார் 85. அவரோடு பேச அந்த மொழியில் வேறு ஆளே இல்லாமல், பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அப்பி சொல்லியிருக்கிறார். அப்பி காப்பாற்றிய கிரேட் அந்தமானியர்களின் 10 கதைகளும் 46 பாடல்களும் பின்னர் புத்தகமாக வந்தன. ஒரு பெரிய இனத்தின் சங்கீதத்தில் மிஞ்சியது அவ்வளவே.

கேபிள் வந்த பிறகு

இப்போது மைதானத்துக்கு ஒரு புதுப் போட்டி. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற சில தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் இயங்கத் தொடங்கியது. அதுவரை ஒரு படத்தைச் செல்போனில் இறக்கிப் பார்ப்பதே தவமாக இருந்த ஊர். இன்று சென்னையில் வெளியாகும் பாட்டை ஜங்லிகாட்டில் அதே நிமிஷம் கேட்கலாம். 2023 ஜூலையில் விமான நிலையத்துக்குப் பெரிய முனையமும் வந்துவிட்டது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளிலேயே வருஷத்துக்கு 5 லட்சம் பயணிகளைத் தொட்ட ஊர் இது. தீவுகளின் மக்கள் தொகையைவிட அதிகம்.

எல்லாப் பாட்டும் கைக்குள் இருக்கும்போது மைதானத்துக்கு எதற்குப் போக வேண்டும்? பெரிய சினிமாப் பாடகரைக் கூட்டி வந்தால் கூட்டம் சேரும் என்பது எந்த ஊர் விழாக் கமிட்டிக்கும் தெரிந்த சுலபமான விடை. அதில் தவறும் இல்லை. இரவு நீளமானது, ஜனங்களுக்குக் குதூகலம் வேண்டும். ஆனால் அந்தப் பாடகரின் குரல் கேபிளிலேயே வந்துவிடும். கேபிளில் வராதவை வேறு. பக்கத்துத் தெரு ராஞ்சிக்காரரின் மாந்தல், மாயாபந்தரிலிருந்து பஸ் ஏறி வரும் கரேன் பெண்களின் ஆட்டம், பிளேரிலேயே பிறந்து கரகம் தூக்கக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பிள்ளையின் தடுமாற்றம். இவர்களுக்கு விழாவின் நல்ல நேரத்தைக் கொடுப்பதா, பெரிய நட்சத்திரம் வரும்வரை நேரம் போக்க வைத்துக்கொள்வதா என்பதில்தான் இந்தச் சீசனின் எதிர்காலம் இருக்கிறது. நிலப்பரப்புக் குழுக்கள் வந்து ஆடிவிட்டுப் போவதைவிட, இரண்டு மாதம் முன்னதாகவே வந்து தங்கி உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த வருஷம் விமானச் செலவும் குறையும், கலையும் தீவிலேயே வேர் பிடிக்கும். ஒரு கலை ஒரே ஒரு தொண்டையில் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரைவிடப் பெரிய சாட்சி வேறெங்கும் வேண்டியதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். விழாத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். டிக்கெட் எடுக்கும் முன் சுற்றுலாத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடலைக் காலையில் பாருங்கள். விடியல் அங்கே சீக்கிரம் வந்துவிடும். மாலையை மட்டும் ஊருக்கு ஒதுக்குங்கள். மைதானத்தில் நாற்காலி தேடாமல், ஏதாவது ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் வங்காளியா, தெலுங்கரா, மாப்பிள்ளையா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நீங்கள் தமிழர் என்று அவர்களுக்கு இரண்டே நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஊர் பழகிவந்திருக்கும் கலை அதுதான்.